சித்தி மெலிந்த விதம்

கேரம் டவுன்ஸ், மெல்பேர்ன்
3 மார்ச் 2024

அன்புள்ள சிவனேஸ் அக்காவுக்கு,

மெரிலேண்ட்ஸில் நீங்களும் சிவபாலன் அத்தானும் கௌசிகாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே லதீஸும் மாமியும் சுகம். நானும் அப்படித்தான்.

போனை விட்டுவிட்டு இவள் ஏன் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் மாமி பக்கத்துக் கதிரையில் இருப்பார். மாமி நல்லவர். ஆனாலும் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறவருக்கு முன்னால் இந்தக் கதையை என்னால் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை குழந்தைப்பேற்றுக் கிளினிக்குக்குப் போனோம். உள்ளே போனதும் தாதி என் எடையைப் பார்த்தார், உயரத்தை அளந்தார், கணினியில் தட்டினார். பிறகு டொக்டர் மிகவும் அன்பாகத்தான் சொன்னார். கருமுட்டை எடுக்கும்போது மயக்க மருந்து கொடுக்க வேண்டுமாம். அதற்கு அவர்கள் ஒரு பி.எம்.ஐ. எல்லை வைத்திருக்கிறார்களாம். நான் அந்த எல்லைக்கு மேலே நிற்கிறேன். எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் தொடங்கலாம், ஆனால் வயதும் போகிறது, சுணங்க வேண்டாம் என்றார்.

"எப்பிடிக் குறைக்கிறது டொக்டர்?" என்று கேட்டேன். குறைவாகச் சாப்பிடுங்கள், கூடுதலாக நடவுங்கள் என்றார். ஒரு துண்டுப்பிரசுரமும் தந்தார். அட்டையில் ஒரு மெல்லிய பெண் அப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

கார் பார்க்கில் லதீஸ், "ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்வம்" என்றார். அவர் மெல்லியவர். அவருக்கு என்ன செய்ய இருக்கிறது?

எனக்காகக் கும்பிடுங்கள் அக்கா. மற்றவை பிறகு.

அன்புத் தங்கை
தர்சினி


மெரிலேண்ட்ஸ், சிட்னி
9 மார்ச் 2024

என் அன்புத் தர்சினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். அத்தானுக்கு மட்டும் முதுகுப்பிடிப்பு.

நீ கவலைப்படாதே. சிறுவயதிலிருந்தே நீ கொஞ்சம் பருமன்தான். அம்மா உன் தட்டிலிருந்து சோற்றைத் திருப்பி எடுத்து என் தட்டில் போடுவார், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் நினைத்ததை முடிக்கிற குணமும் உன்னிடம் உண்டு. சோற்றை விடு. குரக்கன் பிட்டும் கீரையும் சாப்பிடு. என் தையல் கடைக்கு வருகிற ஒரு பெண் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வாயே திறப்பதில்லையாம். இப்போது அவளுடைய சட்டையெல்லாவற்றையும் நான்தான் பிடித்துத் தைக்கிறேன்.

கௌசிகாவும் உன் உடம்புவாகுதான். பதினைந்து வயதில் என்னைவிடப் பெரியவளாக நிற்கிறாள். இவளுக்கும் எடை கூட என்று எங்கள் டொக்டர் போன மாதம் சொன்னார். சித்தியைப் பார்த்து இவளும் பழகட்டும் என்று நினைத்தேன். நீ எடை குறைக்கப் போவதைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் நல்லதாகவே நடக்கும். பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

அக்கா
சிவனேஸ்வரி


கேரம் டவுன்ஸ்
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எடை இறங்குகிறது அக்கா. ஜி.பி. டொக்டருக்கு நல்ல சந்தோஷம். தலைச்சுற்று வருகிறது, இரவில் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னேன். எடை குறையும்போது உடம்பு அப்படித்தான் பழகும், விடாமல் செய்யுங்கள் என்றார். சிவா விஷ்ணு கோயிலில் ஆட்கள் என்னை மறித்து நிறுத்திக் கேட்கிறார்கள். "மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டீர், என்ன செய்தனீர்?" முன்பு என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள்.

சனிக்கிழமைகளில் லதீஸ் என்னைத் த பேசின் என்கிற ஊரிலுள்ள கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். விநாயகரைக் கும்பிட்டுவிட்டு மலைப்பக்கமாக நடப்போம். போன சனி ஏற்றத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, ஓர் அடி தவறவிட்டு, திரும்பவும் அடித்தது. அவரிடம் சொல்லவில்லை.

பல் கூசுகிறது என்று பல் டொக்டரிடமும் போனேன். பல்லின் பின்பக்கம் கரைந்திருக்கிறது, புளிப்பான தேசிக்காய்த் தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

மாமிதான் சில நேரம், "சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்கை பைப்பைத் திறந்துவிட்டு என்ன செய்யிறீர் பிள்ளை?" என்று கேட்பார். முகம் கழுவுகிறேன் என்பேன்.

நான்கு சட்டைகள் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பிடித்துத் தையுங்கள். தோள் எல்லாம் விழுகிறது.

தர்சினி


மெரிலேண்ட்ஸ்
2 ஜூன் 2024

தர்சினிச் செல்லத்துக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அத்தான், "இது தர்சினியோ?" என்று இரண்டு தரம் கேட்டார். சட்டைகளைத் தைத்து முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் நன்றாக உள்ளே பிடித்திருக்கிறேன். திரும்ப விடத் தேவை வராது என்று மிச்சத் துணியை வெட்டிவிட்டேன்.

போட்டோவைக் குசினியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், கௌசிகாவின் கண்ணில் படட்டும் என்று.

ஜூலை பள்ளி விடுமுறைக்கு மூவரும் வருகிறோம். சட்டைகளைக் கையோடு கொண்டுவருகிறேன். கால் பிடிப்புக்கு நல்லெண்ணெய் தடவு. தேசிக்காயைக் குறை.

அன்புடன் அக்கா


மெரிலேண்ட்ஸ்
14 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை தர்சினிக்கு,

உன் வீட்டிலிருந்து வந்த கையோடு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போன் எடுத்தால் மாமி, "படுத்திருக்கிறா" என்கிறார். உனக்கு உடம்புக்கு ஏதாவதோ? எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

உன் வீட்டில் நின்ற நாட்கள் நல்ல நாட்கள். ஒன்றை மட்டும் கேட்க நினைத்தேன். உன் வலதுகை விரல் மொழியில், மடிகிற மூட்டில், அந்தக் காயம் என்ன? கேட்டபோது வேலை செய்கிற பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் கதவு பட்டது என்றாய். கதவு பட்டால் காயம் ஆறும்தானே. நாங்கள் வெளிக்கிடும்போதும் அது அப்படியே இருந்தது.

இன்னொரு விஷயம். கௌசிகா மாறியிருக்கிறாள். மெல்பேர்னிலிருந்து வந்தபிறகு காலைச் சாப்பாடு இல்லை. மத்தியானப் பெட்டி திறக்காமல் திரும்பி வருகிறது. பின்னேரம் வந்து பாணும் சீஸும் பிஸ்கற்றுமாக அள்ளிச் சாப்பிடுகிறாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிடுகிறாள், வர அரை மணித்தியாலம் ஆகும். ஏன் பிள்ளை என்று கேட்டால், "சித்தியும் இப்பிடித்தான்" என்று சிரிக்கிறாள்.

எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டொக்டர் முதுகில் தட்டி, "குட் கேர்ள்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் நேற்று அவளுடைய கண் சிவந்து வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. நீ முகம் கழுவத்தானே போகிறாய்?

பதில் எழுது.

அக்கா


15 ஆகஸ்ட் 2024

அக்கா,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை, மன்னியுங்கள்.

நான் முகம் கழுவவில்லை. சாப்பிட்டதை வாந்தியாக எடுக்கிறேன். மார்ச்சிலிருந்து. விரலில் உள்ள காயம் அதனால் வந்தது. பல்லும் அதனால்தான்.

அதற்கு முன்பும் எனக்குச் சாப்பாட்டோடு ஒரு வருத்தம், ஒரு நோய், இருந்தது. யாரும் இல்லாதபோது காரில் இருந்து, நிறுத்த முடியாமல் சாப்பிடுவேன். வயிறு நோகும்வரை. பிறகு வெட்கத்தில் அடுத்த நாள் பட்டினி கிடப்பேன். இது எத்தனையோ வருடமாக இருக்கிறது. பருமனாக இருக்கிறேன் என்று எல்லா டொக்டர்மாரும் சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கௌசிகா நின்ற அறை பாத்ரூமுக்குப் பக்கத்து அறை. கோயில் வாசலில் வைத்து அவள் என்னிடம், "சித்தி, எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். சும்மா நடந்தது என்றேன். அவள் என்னைப் பார்த்த விதம் அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

அவளை ஏசாதீர்கள். கதவை உடைக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு அவளோடு இருங்கள், ஏதாவது பேசிக்கொண்டு இருங்கள், தனியே விடாதீர்கள். இன்றைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இரத்தமும் இதயமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒல்லியாக இல்லை, அதனால் பயமில்லை என்று அவர் சொன்னால் கேட்க வேண்டாம். நானும் ஒல்லியாக இல்லை அக்கா. நீங்கள் பார்த்தீர்கள்தானே, இவ்வளவு இறங்கியும் இன்னும் நான் பருமன்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் என் நெஞ்சு நின்று நின்று அடிக்கிறது.

பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை.

தர்சினி


மெரிலேண்ட்ஸ்
25 ஆகஸ்ட் 2024

தர்சினி,

நீ எழுதியபடி செய்தேன். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். என் பிள்ளை உன் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருந்து இதைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன். "கௌசி, அம்மா இங்கைதான் இருக்கிறன்" என்றேன். பைப் ஓடிக்கொண்டே இருந்தது. "சித்தி எனக்கு எல்லாம் எழுதிப்போட்டா" என்றேன். பைப் நின்றது. அவள் உள்ளேயிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்குக் கேட்டது அம்மா, ஒவ்வொரு நாளும் கேட்டது, ஆனால் நீங்கள் எல்லோரும் சித்தியை வடிவு வடிவு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.



டொக்டரிடம் போனோம். சொன்னேன். அவர் கௌசிகாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த வயதில் பிள்ளைகள் இப்படி விளையாடிப் பார்ப்பார்கள், எடை இன்னும் கூடத்தான் இருக்கிறது, ஆபத்தில்லை என்றார். "ரத்தம் பாருங்கோ, இதயம் பாருங்கோ. பாக்காமல் நான் எழும்பமாட்டன்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. எழுதித் தந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

இரவில் போய் அவளுடைய மூக்கடியில் கை வைத்துப் பார்க்கிறேன், பிறந்த பிள்ளைக்குப் பார்ப்பதுபோல.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த உன் போட்டோவைக் கழற்றிவிட்டேன். அதை ஒட்டியது நான்தான், நீ இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

நீ டொக்டரிடம் போனாயா? எனக்கு எழுதின உண்மையை லதீஸிடம் சொன்னாயா?

சிவனேஸ்வரி


மெல்பேர்ன்
3 செப்டெம்பர் 2024

மதிப்புக்குரிய சிவனேஸ் அக்காவுக்கு லதீஸ் எழுதுவது,

அத்தானுக்கும் கௌசிகாவுக்கும் என் அன்பு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தர்சினி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். அம்புலன்சில் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்ததாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது. இப்போது கையில் ஊசி ஏற்றி, நெஞ்சில் வயர் பூட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். திரையில் கோடு கொஞ்சம் பிசகினாலும் நான் எழும்பி நிற்கிறேன்.

அவசரப் பிரிவில் ஏன் இப்படி வந்தது என்று கேட்டார்கள். நான், "டயற்றில இருக்கிறா" என்றேன். அப்போது இவள் கண்ணைத் திறந்து, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாதி அவளுடைய உடம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உண்மையாகவா, அந்த வருத்தம் உள்ளவர்கள் மிகவும் மெலிந்துதானே இருப்பார்கள் என்றார். அக்கா, அந்த நேரம் நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

இன்று ஒரு சமூகசேவகி வந்து இரண்டு இடங்களுக்குப் போன் எடுத்தார். உணவுக் கோளாறுகளுக்கான பிரிவில் இவளுடைய எடைக்கு இப்போது இடமில்லையாம், மிகக் குறைந்த எடை உள்ளவர்களுக்குத்தான் முதலிடமாம். எடை குறைக்கும் பிரிவில், உணவுக் கோளாறு இருந்தால் எடுக்கமாட்டார்களாம். ஒரு கதவுக்கு இவள் அளவுக்கு மேல் பருமன். மற்றக் கதவுக்கு இவள் நோயாளி. வீட்டுக்கு அனுப்பினால் நான் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மாவிடம் மயக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

லதீஸ்


4 செப்டெம்பர் 2024

என் தர்சினிக்கு,

கண் விழித்ததும் இதை லதீஸ் வாசித்துக் காட்டட்டும். கோபம் எல்லாம் போய்விட்டது. நீ இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன்.

கௌசிகாவின் இரத்தம் சரியாக இருக்கிறது. நீ சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் போட்டோ காட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். வேறொரு டொக்டரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் அவளோடு தனியாக நீண்ட நேரம் பேசினார். ஒவ்வொரு வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

அக்கா


கேரம் டவுன்ஸ்
13 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்து நின்றுவிட்டுப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அத்தானின் முதுகுப்பிடிப்பு எப்படி, இங்கிருந்து போன பிறகாவது நீங்கள் ஓய்வு எடுத்தீர்களா? கௌசிகா எப்படி? எனக்குப் பொட்டாசியம் குளிசை தொடர்கிறது. இரத்தம் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறார்கள்.

லதீஸ் தேடிப்பிடித்த புது ஜி.பி. சென்னைப் பக்கத்தவர், டொக்டர் ஹரிப்பிரியா. நான் போனதும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறப் போனேன். "அது கெடக்கட்டும், உக்காருங்க" என்றார். "எடையப் பத்தி அப்புறம் பேசலாம். சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன நடக்குது, அத மட்டும் சொல்லுங்க."  இத்தனை வயதில் முதல்தரம் ஒருவர் அதைக் கேட்கிறார். நிறைய எடை உள்ளவர்களுக்கும் இந்த வருத்தம் வரும், மெலிந்தவர்களைவிடக் கவனிக்காமல் விடப்படுவது அவர்கள்தான் என்றார். அரசாங்க மருத்துவத் திட்டமான மெடிகெயார் மூலம் உளவியலாளரிடம் போக ஏற்பாடு செய்து தந்தார். இரண்டு தரம் போய்விட்டேன். தராசில் ஏற வேண்டி வந்தால் எண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இனி மற்ற விஷயம். போன கிழமை குழந்தைப்பேற்றுக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள் போனில் கேட்க, அங்கே எடுத்த எடையை லதீஸ் சொல்லியிருந்தார். நான் எல்லைக்குள் வந்துவிட்டேனாம், அடுத்த மாதமே தொடங்கலாமாம். வாழ்த்துச் சொன்னார்கள்.

அந்த ஒரு நிமிடம் ஓம் என்று சொல்ல என் வாய் வந்துவிட்டது அக்கா. யாருக்கும் தெரியாமல் இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்கலாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்குத்தான் நான் இப்போது எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். எனக்கு உணவுக் கோளாறு இருக்கிறது, இதயம் சரிவரும்வரை தொடங்க முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் குசினி வாசலில் மாமி.

"எடை சரி வந்திட்டுதெண்டுதானே சொல்லினம். பிறகேன் வேண்டாமெண்டனீர்?"

"அது பிழையான வழியில வந்தது மாமி. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்து வந்தது."

மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன், அல்லது ஏசுவார் என்று. அவர் சொன்னது வேறு.

"எனக்குத் தெரியும் பிள்ளை. பைப் சத்தத்துக்கு மேலால கேக்கும். மெலியிறீர், பேரப்பிள்ளை வரும் எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்."

 ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இப்போது சாப்பிட்ட பிறகு மாமி என்னைத் தன் பக்கத்தில் இருத்தி வைத்திருக்கிறார். பேச ஒன்றும் இல்லாவிட்டால் ரி.வி.யைப் பார்க்கிறோம். சில நாள் முடிகிறது. சில நாள் முடிவதில்லை. எடை கொஞ்சம் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் பிடித்துத் தைத்த சட்டைகள் இறுக்குகின்றன. கோயிலுக்குப் போக இன்னும் துணிவில்லை.

பிள்ளை கிடைக்குமா என்று தெரியாது. டொக்டர் ஹரிப்பிரியா, ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

தர்சினி


Merrylands-இலிருந்து கௌசிகா
2 நவம்பர் 2024

ஹாய் சித்தி,

எப்படி இருக்கிறீங்கள்? நான் ஓகே. இது நானே டைப் பண்ணுறன், ஸ்பெல்லிங்கும் நானே, அம்மாவுக்குக் காட்டேல்லை. தமிழ் ஸ்கூல் டீச்சர் பார்த்தால் எனக்கு ஃபெயில் போடுவா.

அம்மா தனக்குப் பயம் இல்லை என்று சொல்லுறா. ஆனால் நான் சாப்பிடேக்கை அவ மூச்சு விடுறதே இல்லை. அப்பா ஜோக் சொல்லுறார், ஒரு ஜோக்கும் நல்லாயில்லை. நான் இரண்டு பேருக்காகவும் சாப்பிட ட்ரை பண்ணுறன். டொக்டர் சொன்னா எனக்காகச் சாப்பிட வேணும் என்று. அது கஷ்டம்.

சித்தி, உங்களில எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது. நீங்கள் அன்றைக்குக் கோயிலில எனக்கு லை பண்ணினீங்கள். இனி எனக்கு லை பண்ண வேண்டாம். உங்கட எடை எனக்கு வேண்டாம். நீங்கள் இன்றைக்கு என்ன சாப்பிட்டீங்கள், பிறகு என்ன நடந்தது, அதை மட்டும் எழுதுங்கோ. நானும் எழுதுவன்.

இன்றைக்கு நான்: காலையில வீட்பிக்ஸ் சீரியலும் பாலும். மத்தியானம் ஒன்றும் இல்லை, அம்மாவுக்குத் தெரியாது. இரவு இடியப்பமும் சொதியும். வெளியே எடுக்கேல்லை. நிறைய அழுதன்.

லவ்,
கௌசி


கேரம் டவுன்ஸ்
3 நவம்பர் 2024

என் கௌசிக் குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். தமிழ் டீச்சர் ஃபெயில் போட்டால் என்னிடம் அனுப்பு.

பொய் சொல்லமாட்டேன். காலையில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன், மாமியோடு இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் சோறு. அது உள்ளே நிற்கவில்லை. மாமி சந்தைக்குப் போயிருந்தார், நான் தனியே இருந்தேன், என்னால் முடியவில்லை. நாளைக்கு டொக்டரிடம் அதைச் சொல்வேன். சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்வேன். நீயும் நேற்று மத்தியானத்தை அம்மாவிடம் சொல்லு. நான் காட்டிக்கொடுக்கமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது உனக்குப் பயந்து இல்லை, உன்னை இழந்துவிடுவோமோ என்று பயந்து.

எனக்கும் பயம்தான். சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம். நெஞ்சு ஒருதரம் பிசகினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம். பெரியவர்களுக்குப் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இரவுச் சாப்பாட்டை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இன்னும் சாப்பிடவில்லை. மேசையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது. மாமி, "பிள்ளை, வாரும்" என்று கூப்பிடுகிறார். லதீஸ் கதிரையை இழுக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன் கௌசி. போகிறேன்.

சித்தி